தூக்குக்குண்டும் இன்ச் டேப்பும்: ஓட்டிப் பார்க்காமலேயே எம்டிபி ஃபிரேம் அளவைக் கண்டுபிடிப்பது

மதுரையில் மவுன்டன் பைக், சுருக்கமாக எம்டிபி, வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு விலையைவிடப் பெரிய சிக்கல் அளவுதான். கடையில் நீங்கள் விரும்பும் மாடலில் ஒரே ஒரு சைக்கிள் நிற்கும், அது பெரும்பாலும் எம் சைஸாக இருக்கும். எஸ் வேண்டும், எல் வேண்டும் என்றால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். ஆன்லைனில் வாங்கினாலோ சைக்கிள் அட்டைப்பெட்டிக்குள்தான் வந்து சேரும். ஏறி நாலு தெரு சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைப்பதே இல்லை.

என் முதல் எம்டிபியை நான் உயரத்தை மட்டும் சொல்லி வாங்கினேன். 168 செ.மீ. என்றேன். "எல் எடுத்துக்கங்க சார், சின்னது எடுத்தா பின்னாடி வருத்தப்படுவீங்க" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்தின் பின்பக்கம் இழுக்கும். ஹேண்டில் எட்டாததால், என்னையறியாமல் சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கண்மாய் மடைக்குப் பக்கத்தில் சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். கால் தரையைத் தொடுவதற்கு முன் ஃபிரேமின் குறுக்கு பார் கவட்டையில் இடித்துவிட்டது. வலி இரண்டு நாள் இருந்தது. எட்டு மாதத்தில் அந்தச் சைக்கிளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்ததை வாங்குவதற்கு முன் அளக்கக் கற்றுக்கொண்டேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்: தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப், தச்சரின் ஸ்டீல் டேப், கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்று, பென்சில், ஒரு தூக்குக்குண்டு. தூக்குக்குண்டு இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், அதுவே போதும்.

எந்த இன்ச் எதைச் சொல்கிறது

அளப்பதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் அப்பா, தாத்தா காலத்துச் சைக்கிள்களில் "22 இன்ச்", "24 இன்ச்" என்றால் அது ஃபிரேமின் உயரம். சக்கரம் இரண்டிலும் ஒரே 28 இன்ச்தான். இன்று கடையில் "26 இன்ச் சைக்கிள்", "29 இன்ச் சைக்கிள்" என்றால் அது சக்கரத்தின் அளவு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "நான் 24 ஓட்டினவன், 26 தாராளமா ஓட்டுவேன்" என்று வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்டிபியில் சக்கரம் 26, 27.5, 29 என்று மூன்று அளவில் வரும். ஃபிரேம் தனியாக 15, 17, 19 இன்ச் என்றோ எஸ், எம், எல் என்றோ வரும். நீங்கள் முதலில் தேட வேண்டியது இரண்டாவது எண்ணை. சக்கரம் அதற்கு அப்புறம்தான்.

அந்த ஃபிரேம் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை அளப்பது ஒரு கம்பெனியின் வழக்கம். குறுக்கு பார் வந்து சேரும் இடத்தின் நடுவோடு நிறுத்திக்கொள்வது இன்னொன்றின் வழக்கம். ஒரே குழாய் ஓரிடத்தில் 17, இன்னோரிடத்தில் 18 ஆகிவிடும். எஸ், எம், எல் என்பதற்கும் பொதுவான விதி கிடையாது. ட்ரெக் கம்பெனி எம்முக்கும் எல்லுக்கும் நடுவே எம்/எல் என்று ஒன்று வைத்திருக்கிறது. ஸ்பெஷலைஸ்டு சில மாடல்களில் எழுத்துகளை விட்டுவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை என்று போடுகிறது. அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், சென்டிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

நாம் குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள். பாருக்கு அடியில் காலை விட்டுப் பெரியவர்களின் சைக்கிளை ஓட்டிப் பழகியதால், சைக்கிள் என்றால் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. தார்ச்சாலையில் மெதுவாகப் போவதற்கு அது ஒத்துவரலாம். கல்லும் மேடும் உள்ள பாதையில் பெரிய ஃபிரேம் ஆபத்து.

உடம்பை அளப்பது

மூன்று அளவுகள் வேண்டும்: உயரம், கவட்டை உயரம், கை விரிவு.

உயரத்தைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று எடுங்கள். இதில் சொல்ல அதிகம் இல்லை.

கவட்டை உயரத்தில்தான் கவனம் வேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். புத்தகத்தின் முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து, சைக்கிள் சீட் எப்படி அழுத்துமோ அதே அழுத்தத்தில் மேலே தள்ளுங்கள். கூச்சப்பட்டு மெதுவாக வைத்தால் 2 செ.மீ. குறைந்துவிடும். புத்தகத்தின் ஓரம் சுவரோடு படிந்திருக்க வேண்டும், சரிந்தால் அளவும் சரியும். மேல் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை எடுத்து, மூன்றின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கோடு போட்டுக் கொடுத்தால் நல்லது.

இந்த இடத்தில் நிறையப் பேர் பேன்ட் அளவைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். குன்னத்தூர் சத்திரத்தில் தைக்கும் ஒரு அண்ணனிடம் இதைக் கேட்டேன். "பேன்ட்டு கவட்டைக்குக் கீழதான் தம்பி நிக்கும். அது துணியோட அளவு, உங்க காலோட அளவு இல்ல" என்றார். என் விஷயத்தில் வித்தியாசம் 4 செ.மீ. இருந்தது. ஃபிரேம் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒரு இன்ச்.

கை விரிவுக்கு, சுவரில் முதுகை வைத்து இரண்டு கைகளையும் தோள் மட்டத்தில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து இன்னொரு நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இது உயரத்தை ஒட்டியே வரும். உயரத்தைவிட 4, 5 செ.மீ. கூடுதலாக வந்தால் உங்களுக்குச் சற்று நீளமான சைக்கிள் ஒத்துப்போகும். குறைவாக வந்தால் குட்டையானது.

கணக்கு, அதன் எல்லை

கவட்டை உயரத்தை 0.226 ஆல் பெருக்கினால் எம்டிபி ஃபிரேம் இன்ச்சில் வரும். எனக்கு 76 செ.மீ. பெருக்கினால் 17.2, அதாவது 17 இன்ச். எல் என்று என் தலையில் கட்டப்பட்டது 19 இன்ச் ஃபிரேம்.

ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு ஒரே சைக்கிள் பொருந்தாது என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடும். 170 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கவட்டை 74, இன்னொருவருக்கு 80 என்று வையுங்கள். முதலாமவருக்கு 16.7 இன்ச், இரண்டாமவருக்கு 18.1 இன்ச். உயரத்தை மட்டும் வைத்துப் போட்ட அட்டவணை இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடும்.

ஆனால் இந்தச் சூத்திரம் பழைய வடிவ ஃபிரேம்களுக்கு ஏற்றது. இப்போது வரும் எம்டிபிகளில் பார் நன்றாகச் சரிந்திருக்கும், சீட் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைக்கிறார்கள். சில மாடல்களில் 17 இன்ச் சீட் குழாய் உள்ள சைக்கிளே எல் சைஸாக இருக்கும். ஆகவே இதைத் தேடலைத் தொடங்கும் எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்டாண்டோவர், அதாவது பாருக்கு மேல் கால் பரப்பி நிற்கும் இடத்தின் உயரம். உங்கள் கவட்டை உயரத்திலிருந்து இதைக் கழித்தால் குறைந்தது 5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம் மாதிரி கல் கிடக்கும் இடங்களில் ஓட்டுவதாக இருந்தால் 7, 8 செ.மீ. இருப்பது நல்லது. அங்கே காலை ஊன்றும் இடம் பள்ளமாகவும் இருக்கலாம். ஷூ அடிப்பாகத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கைவசம் இருக்கும் கூடுதல் பாதுகாப்பு.

உயரம் மாறும், நீளம் மாறாது

எனக்குப் புரிய அதிக நாள் பிடித்தது இதுதான். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். கால் எட்டவில்லை என்ற குறையை ஒரு அலன் சாவி தீர்த்துவிடும். ஃபிரேமின் நீளத்தை எந்தச் சாவியாலும் மாற்ற முடியாது. என் கையை மரக்க வைத்ததும் அந்த நீளம்தான். அப்போது சீட் உயரம் சரியாகத்தான் இருந்தது.

நீளத்தைச் சொல்லும் எண் ரீச். பெடல் சுற்றும் அச்சுக்கு பாட்டம் பிராக்கெட் என்று பெயர், மெக்கானிக்குகள் பிபி என்பார்கள். பிபியின் நடுவிலிருந்து நேர் மேலாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் மேல் விளிம்பு நடு வரை கிடைமட்டமாக உள்ள தூரம் ரீச். அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் ஸ்டாக். கம்பெனியின் இணையதளத்தில் ஜியோமெட்ரி என்ற தலைப்பில் ஒரு அட்டவணை இருக்கும், இரண்டும் அங்கே மி.மீ. கணக்கில் கிடைக்கும்.

ரீச் என்பது பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது கைக்கு எவ்வளவு இடம் என்பதைச் சொல்கிறது. உட்கார்ந்து ஓட்டும்போது முக்கியமானது எஃபெக்டிவ் டாப் டியூப் என்ற அளவு. ஹெட் டியூபின் மேல் நடுவிலிருந்து கிடைமட்டமாகப் பின்னால் வந்தால் சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கி, சீட் குழாய்க்குள் நுழையும் கம்பி) எங்கே சந்திக்குமோ அதுவரை உள்ள தூரம் அது. அழகர்கோயில் சாலையிலோ கால்வாய்க் கரையிலோ நீண்ட நேரம் உட்கார்ந்தே ஓட்டப்போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். அடுத்தடுத்த இரண்டு சைஸ்களுக்கு இடையே இந்த அளவில் சாதாரணமாக 2 முதல் 2.5 செ.மீ. வித்தியாசம் இருக்கும்.

அது கொஞ்சம்தானே, ஸ்டெம் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிடிக்கும் துண்டு. 35 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை கிடைக்கிறது. 1 செ.மீ. மாற்றினால் பெரிய பாதகம் இல்லை. அதற்கு மேல் மாற்றினால் சைக்கிள் திரும்பும் விதமே வேறாகிவிடும்: நீளமான ஸ்டெம் முன்சக்கரத்தில் எடையை ஏற்றும், திருப்பத்தை மந்தமாக்கும். குட்டையான ஸ்டெம் சட்டென்று திரும்ப வைக்கும். சீட்டை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். சீட்டின் முன்பின் நிலை முழங்காலுக்காக வைப்பது. கைக்காக அதை நகர்த்தினால் முழங்கால் வலிக்கும்.

பொருந்தும் ஒரு சைக்கிளை அளப்பது

சரி, ரீச் 420 நல்லதா, 440 நல்லதா? எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு சைக்கிள் வேண்டும். வாங்கப்போகும் மாடலை ஓட்டிப் பார்க்க முடியாவிட்டாலும், ஏதாவது ஒரு எம்டிபியை ஓட்டிப் பார்க்க முடியும். பக்கத்து வீட்டில், அலுவலகத்தில், காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் வருகிறவர்களில் உங்கள் உயரத்தை ஒட்டிய யாரிடமாவது ஒன்று இருக்கும். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எதில் முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, கழுத்து நோகாமல் இருக்கிறதோ அதை அளந்துகொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் இருந்தால் அது இதற்கு உதவாது. அதன் ஹேண்டில் பின்னோக்கி வளைந்திருக்கும், நீளத்தை ஒப்பிட முடியாது.

அளக்கும் முறையை எனக்குத் திருத்திக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் கொத்தனார் மாமா. சைக்கிளின் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி நிறுத்தி, சுவரிலிருந்து அளப்பது என் யோசனை. "மாப்ள, சுவத்த நம்பி அளக்காத. நூலை நம்பி அள" என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால், எங்கள் வீட்டுச் சுவர் ஒரு மீட்டர் உயரத்துக்கு 1 செ.மீ. சாய்ந்திருந்தது. ரீச் கணக்கில் 1 செ.மீ. என்றால் பாதி சைஸ் தப்பிவிடும்.

அவர் சொன்னபடி செய்வது இப்படி. மட்டமான டைல்ஸ் தரையில் சைக்கிளை நேராக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஹெட் டியூபின் மேல் விளிம்பு நடுவிலிருந்து பக்கவாட்டில் நூலைத் தொங்கவிட்டு, குண்டு தொடும் இடத்தில் தரையில் ஒரு புள்ளி வையுங்கள். ஹெட் டியூபுக்கு மேலே இருக்கும் வளையங்களைச் சேர்க்காதீர்கள். அதேபோல் பிபியின் நடுவிலிருந்து நூலைத் தொங்கவிட்டு இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சைக்கிளின் நீளவாக்கில் உள்ள தூரம்தான் ரீச். தரையிலிருந்து பிபி நடுவின் உயரத்தையும் ஹெட் டியூப் மேல் விளிம்பின் உயரத்தையும் அளந்து கழித்தால் ஸ்டாக். ஸ்டெம்மின் நீளம் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். இல்லாவிட்டால் ஃபோர்க் தண்டின் நடுவிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். சீட்டின் மேற்பரப்பு நடுவிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை உள்ள தூரத்தையும் குறித்து வையுங்கள்.

இனி ஒப்பிடலாம். ரீச்சையும் ஸ்டெம்மையும் கூட்டுங்கள், தோராயத்துக்கு இது போதும். நண்பரின் சைக்கிளில் ரீச் 415, ஸ்டெம் 70 என்றால் மொத்தம் 485 மி.மீ. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் புதிய மாடலில் எம் சைஸுக்கு ரீச் 440, ஸ்டெம் 45 என்று போட்டிருந்தால் அதுவும் 485. ரீச் எண் 25 மி.மீ. பெரிதாகத் தெரிந்தாலும் கை போகும் தூரம் ஒன்றுதான். அதே மாடலின் எஸ் சைஸ் ரீச் 420, ஸ்டெம் 45 என்றால் 465, உங்களுக்கு இடம் நெருக்கும். இப்போதைய எம்டிபிகள் நீள ஃபிரேம், குட்டை ஸ்டெம் என்று வருவதால், ரீச்சை மட்டும் ஒப்பிட்டு, "இது ரொம்ப நீளம்" என்று தவறாக முடிவுகட்டிவிடுவோம்.

ஸ்டாக்கையும் ஒரு பார்வை பாருங்கள். புதியதில் ஸ்டாக் குறைவாக இருந்தால் ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டிலை உயர்த்த வேண்டிவரும். ஃபோர்க் தண்டு சாய்ந்து இருப்பதால், 1 செ.மீ. உயர்த்தினால் ஹேண்டில் சுமார் 4 மி.மீ. பின்னால் வரும். 2 செ.மீ. உயர்த்தினால் 8 மி.மீ. இதை மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் தண்டை வெட்டிய பிறகு மேலும் உயர்த்த இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு ஜியோமெட்ரி அட்டவணையே இருக்காது. "26 இன்ச் சக்கரம், 18 இன்ச் ஃபிரேம்" என்று மட்டும் போட்டிருக்கும். அப்படியானால் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் மூன்று அளவு கேளுங்கள்: தரையிலிருந்து பாரின் நடுப்பகுதி உயரம், பிபி நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரை, சீட் போஸ்ட் நடுவிலிருந்து ஹெட் டியூப் நடு வரை கிடைமட்டமாக. டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளந்து அனுப்ப மனமில்லாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டினால்

இது அடிக்கடி நடக்கும். என் தீர்ப்பு: முதல் எம்டிபி, ஓட்டப்போவது கண்மாய்க் கரை, செம்மண் பாதை, மலையடிவாரம் என்றால் சிறியதை எடுங்கள். திருப்ப எளிது, காலை ஊன்ற எளிது, தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டவும் எளிது. பெரும்பாலும் சாலைதான், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்க்க வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்றால், கை விரிவும் உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், பெரியது சரி. ஸ்டாண்டோவர் இடைவெளி 5 செ.மீ.க்குக் கீழே போனால் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம், பெரியதை விட்டுவிடுங்கள்.

சிறியதை எடுக்கும்போது சீட் போஸ்ட் போதுமா என்று பார்க்க வேண்டும். கவட்டை உயரத்தை 0.883 ஆல் பெருக்கினால் பிபி நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரம் வரும். 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் த பிரான்ஸ் வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய கணக்கு இது. சாலை சைக்கிளுக்கானது, எம்டிபிக்கு 1 செ.மீ. குறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். என் 76 செ.மீ.க்கு 67 வருகிறது, ஒன்று குறைத்தால் 66. ஃபிரேம் 15 இன்ச் என்றால் சீட் குழாய் 38 செ.மீ. சீட்டும் அதன் பிடிப்பும் சேர்ந்து ஏறக்குறைய 5 செ.மீ. மிச்சம் 23 செ.மீ. போஸ்ட் வெளியே நிற்க வேண்டும். போஸ்ட்டின் மொத்த நீளம் 30 செ.மீ. என்றால் உள்ளே இருப்பது 7தான். குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று போஸ்ட்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள், அது வெளியே தெரிந்தால் ஓட்டக் கூடாது. போஸ்ட் முறியலாம், ஃபிரேமும் விரிசல் விடலாம். 40 செ.மீ. போஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும். ஃபிரேமுக்குப் பொருந்தும் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

உயரம் குறைந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

155 செ.மீ.க்குக் கீழே இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், 29 இன்ச் சக்கரத்தைத் தவிர்ப்பது நல்லது. சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரம் மாட்டினால், மெதுவாகத் திரும்பும்போது பாதத்தின் நுனி முன்சக்கரத்தில் உரசலாம். 26 அல்லது 27.5 சக்கரம், 13 அல்லது 14 இன்ச் ஃபிரேம் தேடுங்கள். 0.226 கணக்கு இவர்களுக்குச் சற்றுப் பெரிதாகவே காட்டும், அதனால் ஸ்டாண்டோவரை வைத்தே முடிவு செய்யுங்கள். எம் மட்டும்தான் இருக்கிறது, சீட்டை இறக்கித் தருகிறோம் என்பார்கள். சீட் இறங்கும், பார் இறங்காது.

பிள்ளைகளுக்கு, "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தரையில் கால் எட்டாத பிள்ளைக்குப் பிரேக் பிடிக்கவே பயம் வரும். இன்று பொருந்தும் ஃபிரேமில், ஏற்றுவதற்கு இடமுள்ள நீளமான சீட் போஸ்ட்டோடு வாங்குங்கள்.

பெட்டி வந்த பிறகு

ஆன்லைன் சைக்கிள் முக்கால்வாசி பூட்டப்பட்டு வரும். ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட் ஆகியவற்றை நாம் மாட்ட வேண்டும். பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள், அட்டையையும் கட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் இரண்டும் வேண்டும். முன்சக்கரத்தை மாட்டியதும், பெடல் மாட்டுவதற்கு முன்பே, வீட்டுக்குள் பாரின் மேல் கால் பரப்பி நின்று பாருங்கள். ரீச்சை நூல் போட்டு அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தெருவில் இறக்கி டயரில் மண் ஒட்டிய பிறகு மாற்றித் தருவது கடினம். பெடலில் ஒரு எச்சரிக்கை: இடது பெடலின் மரை தலைகீழானது, இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் முறுக்கினால் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், மரை வீணாகிவிடும்.

சீட்டை உங்கள் கணக்குப்படி வைத்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது லேசாக மடங்கியிருக்கும். இரண்டு கிராங்கும் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள், அது பெடலின் அச்சை ஒட்டி விழ வேண்டும். விழாவிட்டால் சீட்டை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். இது தொடக்க நிலை, பின்னால் உங்கள் உடம்பு சொல்கிறபடி சிறிது மாற்றிக்கொள்ளலாம்.

முதல் ஓட்டத்தை 20 கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். வண்டியூர் கண்மாய் பக்கமோ நாகமலை அடிவாரமோ போய் வாருங்கள். கரையில் ஏறுவதாக இருந்தால் கருவேல முள்ளுக்குத் தயாராக ஒரு பஞ்சர் கிட் கையில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் எங்கே வலித்தது என்று எழுதி வையுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். உள்ளங்கையும் கழுத்தும் என்றால் ஹேண்டில் எட்டவில்லை அல்லது தாழ்வாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் 5 மி.மீ. வீதம். இடம் பிடிபட்டதும் சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். காரில் ஏற்றவோ கழுவவோ சீட்டைக் கழற்றினாலும், மறுபடி அந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.